கிராண்ட்செஸ்டர்: கோட்டை ஊரா, ஆற்றங்கரைக் குடியா?

மதில்மேல்பூனை:
கேம்பிரிட்ஜிலிருந்து ஆத்தோரமாவே நடந்து போயிடலாம், கிராண்ட்செஸ்டர் கிராமத்துக்கு. மான்செஸ்டர், வின்செஸ்டர் மாதிரி 'செஸ்டர்'னு முடிஞ்சா அது ரோமானியர் கோட்டை இருந்த இடம். லத்தீன் 'காஸ்ட்ரா'தான் மூலம். ஆங்கிலேயத் துறவி பீட் 731-ல் எழுதி முடிச்ச இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றிலேயே 'கிராண்டகேஸ்டிர்' வருது. வேற என்ன ஆதாரம் வேணும்?

பழையஏடு:
அவசரப்படாதீங்க பூனையாரே. இங்கிலாந்தைப் பிடிச்ச நார்மன் அரசர் வில்லியம் எடுத்த 1086 நிலக் கணக்கு, அதாவது டூம்ஸ்டே பதிவேட்டில், அந்தக் கிராமத்தின் பேர் 'கிராண்டசெட்டா'. 'சேட்டெ'ன்னா பழைய ஆங்கிலத்தில் குடியிருப்பவர்கள். டார்செட், சாமர்செட்ங்கிற இங்கிலாந்து மாவட்டப் பேர்களின் வாலில் ஒட்டியிருப்பதும் இதுதான். கிராண்டா ஆத்தங்கரைக்காரங்க, அவ்வளவே. கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை.

மதில்மேல்பூனை:
நார்மன் எழுத்தர்கள் இங்கிலீஷ் பேரைக் கடிச்சுக் குதறினது ஊரறிஞ்ச கதை. கேம்பிரிட்ஜோட பழைய பேரான 'கிராண்டபிரிட்ஜ்'ஐயே 'காண்டபிரிஜி'ன்னு எழுதினவங்க!

பழையஏடு:
குதறினாங்க, சரி. ஆனா அதே பதிவேட்டில் செஸ்டர் நகரம் 'செஸ்ட்ரெ'. அந்த 'ஸ்ட்ரெ' அவங்களுக்கு எழுத வந்திருக்கே?
பீட் சொன்னதையும் முழுசாப் படிங்க. கேம்பிரிட்ஜுக்கு வடக்கே இருக்கிற ஈலியில் மடத்தை நிறுவின எத்தல்த்ரித் இறந்து 16 வருஷம் கழிச்சு, எலும்புகளைக் கோயிலுக்குள் வைக்கக் கல் பெட்டி தேடறாங்க. ஈலியைச் சுத்தித் தண்ணியும் சதுப்பும். பெரிய கல்லே கிடையாது. படகேறிப் போன துறவிகளுக்கு, 'கிராண்டகேஸ்டிர்'ங்கிற பாழடைஞ்ச ஒரு சின்ன நகரத்தின் மதிலோரம் வெள்ளைப் பளிங்குப் பெட்டி கிடைக்குது, கச்சிதமாப் பொருந்தும் மூடியோட. ரோமானிய மதில் இருந்தது இன்னைய கேம்பிரிட்ஜின் காசில் ஹில் மேட்டில். உங்க கிராமத்தில் இல்லை.

ஆற்றோரம்:
அப்ப கிராமத்துக்கு 'செஸ்டர்' எப்படி ஒட்டிச்சு?

பழையஏடு:
'சேட்டெ' போகப்போக யாருக்கும் புரியாத சொல்லாச்சு. 'செஸ்டர்' காதுக்குப் பழகினது. வாய் அந்தப் பக்கம் வழுக்கிடுச்சு.

ஆற்றோரம்:
இதைவிட வேடிக்கை 'கேம்' ஆறு. ஆத்தோட பழைய பேர் கிராண்டா. பாலத்துக்குப் பேர் அதிலிருந்து வந்தது. ஊர்ப்பேர் திரிஞ்சு கேம்பிரிட்ஜ் ஆனதும், பாலம் கேம்பிரிட்ஜ்னா ஆறு 'கேம்'தானேன்னு மாத்திட்டாங்க. புள்ளை அப்பனுக்குப் பேர் வெச்சிருக்கு! மேல்பக்கக் கிளைக்கு மட்டும் இன்னும் கிராண்டான்னே பேர்.

மதில்மேல்பூனை:
1086 எழுத்துக்கு ஒத்துக்கறேன், 'செட்டா' செட்டாதான். ஆனா அந்தப் பளிங்குப் பெட்டி எந்த மதிலோரம் கிடந்ததுன்னு நீங்க மட்டும் படகில கூடவே போய்ப் பார்த்தீங்களாக்கும்?