ஏபிஎஸ் ‘பைபாஸ்’: புறவழி வேண்டாம், நேரிணைப்பு என்போம்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் ஜாம் ஆகாமல் காக்கிற ஏபிஎஸ் பைக்கில் கெட்டுப்போனால், அதை விலக்கிவிடுகிற வேலையை நம் பட்டியலில் எந்தச் சொல்லால் பதிவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘பைபாஸ்’ என்பதற்குப் ‘புறவழி’ ஏற்கெனவே வழக்கில் ஊன்றிவிட்டது. கெட்டுப்போன ஏபிஎஸ்ஸுக்கும் ‘ஏபிஎஸ் புறவழி’ என்றே பதிந்துவிடலாம்.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. புறவழி நல்ல சொல். அதற்குரிய இடத்தில் இருக்கட்டும். எஞ்சின் ஆயில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஒரு வால்வு திறந்து ஆயில் பக்கவாட்டில் சுற்றிப் போகிறதே, அது புறவழி. ஊரைச் சுற்றிச் சாலை போவதுபோல, ஃபில்டர் தன் இடத்திலேயே இருக்க, ஆயில் மட்டும் விலகிப் போகிறது. பழைய பைக்கில் ஏபிஎஸ் போனபின் செய்கிற வேலை இதில் அடங்காது. அது ஒரே வேலையும் அல்ல.

சில வண்டிகளில் மண்பாதைக்காகக் கம்பெனியே சுவிட்ச் வைத்து, பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க விடுகிறது. அதற்கு ‘அணைத்தல்’ போதும். பழுதான வண்டிக்கு வருவோம்.

முதலில் செய்வது ஃப்யூஸைப் பிடுங்குவது, அல்லது மாடுலேட்டர் (ஏபிஎஸ்ஸின் வால்வுகள் உள்ள பெட்டி) சாக்கெட்டைக் கழற்றுவது. பிரேக் பிடித்தால் ஆயில், லீவர் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பி, மாடுலேட்டர் வழியாகத்தான் சக்கரத்து டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குப் போகிறது. மாடுலேட்டருக்குள் ஆயிலை உள்ளே விட ஒரு வால்வு, வெளியே விட ஒரு வால்வு. மின்சாரம் இல்லாதபோது முன்னது திறந்தும் பின்னது மூடியும் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். அதனால் ஃப்யூஸ் இல்லாவிட்டாலும் சாதா பிரேக் பிடிக்கும். சக்கரம் ஜாம் ஆகாமல் காக்கிற வேலை மட்டும் நின்றுபோகும். சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டரும், சக்கர வேகத்தைப் படிக்கும் ஏபிஎஸ் சென்சாரை நம்பியிருப்பதால் அதுவும் நின்றுவிடும். இந்த வேலைக்கு ‘மின்துண்டிப்பு’ என்கிறேன். ஆயில் இன்னமும் அந்தப் பெட்டிக்குள் புகுந்துதான் வருகிறது என்பது இந்தச் சொல்லில் தெளிவாக இருக்கிறது.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. 2001 வாக்கில் பிஎம்டபிள்யூ பைக்குகளில் வந்த ஒருவகை ஏபிஎஸ்ஸில், பிரேக்கை அழுத்தவே மின்மோட்டார் துணை நிற்கும். அங்கே மின்சாரத்தை வெட்டினால் மிஞ்சுவது மிகவும் பலவீனமான பிரேக். மின்துண்டிப்பு என்று பதியும்போது இந்த விலக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்தது, மாடுலேட்டரையே விலக்கிவிட்டு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிப்பருக்கு ஒரே குழாயாக இழுப்பது. எங்கள் கடற்கரையில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்குக் காரணம் உப்பு. மண்டபத்திலும் பாம்பனிலும் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் சாக்கெட் பின்கள் பச்சை பூத்துவிடும். சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்தில் துரு ஏறும். சென்சார் சரியாகப் படிக்காமல் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரியும். இதற்கெல்லாம் பெட்டியில் கைவைக்கவே தேவையில்லை. வளையத்தைத் தேய்த்துத் துடைத்து, பின்களைச் சுத்தம் செய்தால் பல வண்டிகள் சரியாகிவிடும். ஆனால் பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் மாடுலேட்டருக்குள்ளும் அரிப்பு பிடித்து வால்வு சிக்கிக்கொள்ளும். வெளியே விடும் வால்வு சரியாக மூடாவிட்டால், பிடித்த லீவர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். அந்த நிலையில் ஃப்யூஸைப் பிடுங்கிப் பயனில்லை. புதுப் பெட்டியின் விலை பழைய வண்டிக்குக் கட்டுப்படியாகாதபோது மெக்கானிக் குழாயை நேராக இழுத்துவிடுகிறார். “லைனை டைரக்ட் பண்ணிட்டேன்ணே” என்கிறார். அதிலிருந்துதான் எடுத்தேன்: ‘நேரிணைப்பு’.

> ‘நேர்’ என்றால் மின்னியலில் பாசிட்டிவ் என்ற குழப்பம் வராதா? ‘தவிர்ப்பு’ எளிமையாக இருக்கிறதே.

தம்பி கேட்பது நியாயம். நேர்மின், எதிர்மின் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். அதனால் பதிவில் ‘குழாய் நேரிணைப்பு’ என்று முழுதாகவே வைக்கலாம். பேச்சில் குழாய் தானாக உதிர்ந்துவிடும். தவிர்ப்பை நான் ஒப்பவில்லை. எதைத் தவிர்த்தார்கள், ஆயில் இப்போது எந்த வழியில் போகிறது என்பதை அது சொல்வதே இல்லை. அடுத்து அந்த வண்டியைத் திறக்கிற மெக்கானிக்குத் தெரிய வேண்டியதே அதுதான்.

வண்டியை வாங்குகிறவருக்கும் தெரிய வேண்டும். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரல் 1 முதல். அதற்கு முன்பே ஏபிஎஸ்ஸோடு விற்ற மாடல்களும் உண்டு. அவை இப்போது இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிக்கொண்டிருக்கின்றன. ‘ஏபிஎஸ் சர்வீஸ் செய்தது’ என்று எழுதி விற்பதையும், எச்சரிக்கை விளக்கின் ஒயரையே வெட்டிவிடுவதையும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கச்சான் காற்று வீசும் காலத்தில் தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும். ஏபிஎஸ் இருந்தாலும் மணலில் வண்டி நிற்கிற தூரம் கூடத்தான் செய்யும். ஆனால் முன்சக்கரம் ஜாம் ஆகாமல் ஹேண்டில் நம் கைக்குள் நிற்கும். அது இருக்கிறது என்று நம்பி, இல்லாத வண்டியில் முன்பிரேக்கை இறுகப் பிடிப்பவர் கீழே விழுவார். விற்பனைச் சீட்டில் ‘குழாய் நேரிணைப்பு செய்யப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தால் அவர் அதற்கேற்பப் பிடிப்பார்.

நேரிணைப்பு பதிவில் இரண்டு குறிப்புகள் சேர வேண்டும். முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் பின் குழாய் மாடுலேட்டர் பக்கமே போவதில்லை. அதைத் தொட வேண்டாம். குழாய் மாற்றியதும் உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் லீவர் பஞ்சுபோல அமுங்கும்.

இந்தக் கடைசி வேலைக்குப் பட்டறையில் ‘ஏர் எடுக்கிறது’ என்கிறார்கள். ‘காற்றெடுத்தல்’ என்று தனிப் பதிவாகவே போடலாம், யாருக்கும் மறுப்பில்லை என்றால் நானே எழுதித் தருகிறேன். மாடுலேட்டருக்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை வந்த மூன்று முன்மொழிவுகளில் ‘அழுத்தச் சீராக்கி’ எனக்கு ஒப்பாக இல்லை. அந்தப் பெட்டி அழுத்தத்தைச் சீராக்குவதில்லை, விட்டுவிட்டுத் தளர்த்துகிறது. ‘அழுத்தத் தளர்த்தி’ எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து