சொட்டு நீர்: எட்டுத் தொட்டிக்கு வருது, நாலுக்கு மட்டும் நின்னுடுது (அவசரம்)

மாடிச்செடி | காலை 9.40
வணக்கம். மாடியில நானே டிரிப் போட்டேன், மொத்தம் 12 தொட்டி. காலையில திறந்தா எல்லாத்துக்கும் நல்லா சொட்டுது. ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போய்ப் பார்த்தா நாலு தொட்டியில சுத்தமா நின்னு போயிருக்கு, மத்த எட்டும் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. தினமும் அதே நாலுதான். டிரிப்பரைக் கூட மாத்திப் பார்த்துட்டேன். நாளை மறுநாள் ராத்திரி வெளியூர் கிளம்பறேன், வர ஒரு வாரம் ஆகும். யாராவது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கனகாம்பரம் | 9.52
தண்ணி எங்கேர்ந்து வருது? குழாயா, டாங்கா? டிரிப்பர் எந்த வகை? ஒரு ஃபோட்டோ போடுங்களேன், பார்த்தா பாதி புரிஞ்சிடும்.

ஹோஸ்பைப் | 9.58
ஏர் லாக். கண்ணை மூடிட்டுச் சொல்வேன். பைப் எங்கேயாவது மேடா ஏறி இறங்குச்சுன்னா அந்த வளைவுல காத்து போய் உக்காந்துக்கும். டிரம்மோ டாங்கோ, முதல்ல நல்லா ரொப்புங்க. லைன் கடைசியில இருக்கிற எண்ட் கேப்பைக் கழட்டி, தண்ணி துப்பித் துப்பி வர்றது நின்னு ஒரே சீரா வர்ற வரைக்கும் விடுங்க. அப்புறம் மூடுங்க. முடிஞ்சது கதை.

அனுபவஸ்தன் | 10.15
இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பைப்பில் ஓட்டை போட்டால் அது சொட்டு நீர்ப் பாசனம் ஆகிவிடாது. மெயின் லைன் 16 மிமீயா, 12 மிமீயா? பிரஷர் காம்பன்சேட்டிங் டிரிப்பரா, அதாவது அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு சொட்டும் வகையா? அப்படியென்றால் அரை பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) குறைந்த அழுத்தத்தில் அது ஒழுங்காக வேலை செய்யாது. எல்லாவற்றுக்கும் முதலில், ஃபில்டர் போட்டிருக்கிறீர்களா? 120 மெஷ், அதாவது 130 மைக்ரான் துளை உள்ள வலை. இது இல்லாமல் மேற்கொண்டு பேசுவதே வீண்.

மாடிச்செடி | 11.30
டிரம்லேர்ந்துதான். நீலக் கலர், 100 லிட்டர். டிரிப்பர் சிவப்பு மூடி, திருகுற டைப். ஃபோட்டோ ஏற மாட்டேங்குது. ஹோஸ்பைப் ப்ரோ சொன்னபடி டிரம்மை ரொப்பிட்டு எண்ட் கேப்பைக் கழட்டி விட்டேன். நாலும் ஓடுது!! ரொம்ப நன்றி.

ஹோஸ்பைப் | 11.34
சொன்னேன்ல.

பழைய_டிரம் | பிற்பகல் 12.05
தம்பி, அதெல்லாம் தற்காலிகம். உங்க கோளாறு டிரம்முலதான். 100 லிட்டர்ல என்ன அழுத்தம் வரும்? ஒரு 500 லிட்டர் டாங்கா வைங்க, அத்தனை தண்ணி பாரமும் சேர்ந்து அமுக்கும், கடைசித் தொட்டி வரைக்கும் தானா தள்ளும். நான் அப்படித்தான் வெச்சிருக்கேன், இதுவரைக்கும் ஒரு நாள் கூட நின்னதில்ல.

மாடிச்செடி | 1.50
மறுபடியும் நின்னுடுச்சு. அதே நாலு.

அனுபவஸ்தன் | 2.10
பழைய_டிரம் அவர்களே, தவறான தகவலைப் பரப்ப வேண்டாம். தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது, கொள்ளளவைப் பொறுத்தது அல்ல. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார். 1 மீட்டருக்கு 0.1 பார். டாங்க் ஏரி அளவு அகலமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இது பள்ளிக்கூடப் பாடம்.

பழைய_டிரம் | 2.26
பாடம் நானும் படிச்சவன்தான் சார். ஆனா என் டாங்க் நிக்காம ஓடுது, இவரோட டிரம் நின்னு நின்னு போகுது. அதுக்கு உங்க பாடத்துல என்ன எழுதியிருக்கு?

அனுபவஸ்தன் | 2.31
உங்கள் டாங்க் உயரத்தில் இருக்கும். அவ்வளவுதான்.

பழைய_டிரம் | 2.33
தரையிலதான் சார் இருக்கு. நேர்ல வந்து பாருங்க.

வெயில்காலம் | 2.40
கறுப்பு பைப் வெயில்ல இளகி எங்கேயாவது மடங்கியிருக்கும். காலையில ஓடி மதியம் நிக்குதுன்னா வேற என்னவா இருக்க முடியும்?

கனகாம்பரம் | 3.20
சண்டையைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, செஞ்சே பார்த்துட்டேன். ஒரு தண்ணி பாட்டில், ஒரு காலி பெயின்ட் வாளி. ரெண்டுலயும் அடியிலேர்ந்து ரெண்டு விரல்கடை மேல, ஒரே ஆணியைச் சுட வெச்சு ஓட்டை போட்டேன். ரெண்டுலயும் ஒரே உசரத்துக்குத் தண்ணி ஊத்தி, பக்கத்துல பக்கத்துல மேடை விளிம்புல வெச்சு ஒரே நேரத்துல விரலை எடுத்தேன். ரெண்டு தாரையும் தரையில ஒரே டைல்ஸ் கோட்டுலதான் போய் விழுந்துச்சு, ஒரு விரல் கூட முன்னப் பின்ன இல்ல. அனுபவஸ்தன் சார் சொன்னது சரி. ஆனா கொஞ்ச நேரத்துலயே பாட்டில் தாரை உள்வாங்கி உள்வாங்கி, கடைசியில பாட்டில் மேலேயே வழிய ஆரம்பிச்சுடுச்சு. வாளி அப்பவும் அதே கோட்டுல விழுந்துட்டிருந்துச்சு. இப்ப தரையைத் துடைச்சிட்டிருக்கேன்.

பழைய_டிரம் | 3.24
பார்த்தீங்களா! வாளிதானே ஜெயிச்சுது!

அனுபவஸ்தன் | 3.41
இல்லை ஐயா. மட்டம் மெதுவாக இறங்குவது வேறு, அழுத்தம் அதிகம் என்பது வேறு. இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாமல்தான் எல்லோரும் டிரம்மும் பைப்பும் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். சிம்கா பிளாஸ் என்பவரின் சொட்டுவானை வைத்து 1965-ல் இஸ்ரேலின் ஹட்செரிம் கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் கிராமம்) நெட்டாஃபிம் என்ற சொட்டு நீர்ப் பாசன நிறுவனம் தொடங்கியபோதே, வெறும் சின்ன ஓட்டையை நம்பவில்லை. நீளமான வளைந்த பாதையில் தண்ணீரை ஓடவிட்டு அதன் வேகத்தைக் குறைத்தார்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் அடைப்பு குறையும் என்பதுதான் அதன் சூட்சுமம். இப்போதும் கேட்கிறேன், ஃபில்டர் இருக்கிறதா?

நீர்மட்டம் | 4.05
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பழைய_டிரம் அண்ணன் சொல்ற காரணம் தப்பு, ஆனா பார்த்தது நிஜம். பெரிய டாங்க்ல மட்டம் சீக்கிரம் இறங்காது. இங்க விஷயமே அந்த மட்டம்தான்னு தோணுது. மாடிச்செடி, மூணு விஷயம் சொல்லுங்க. டிரம் எதன் மேல இருக்கு? நாலும் நிக்கிற நேரத்துல டிரம்ல தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கு? அந்த நாலு தொட்டியும் மத்த எட்டும் ஒரே உசரத்துலதான் இருக்கா?

மாடிச்செடி | 5.30
டிரம் தரையில ரெண்டு செங்கல் உசரத்துல இருக்கு. தண்ணி ஒரு சாண் கூட இறங்கியிருக்காது, அரை சாண் இருக்கும். இன்னும் நிறைய இருக்கே, அதான் எனக்குப் புரியல. அந்த நாலு ரோஜாவும் இரும்பு ஸ்டாண்ட்ல இருக்கு, ஒன்றரை அடி. மத்ததெல்லாம் தக்காளி மிளகாய், தரையில. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமா?

கனகாம்பரம் | 5.33
ஐயோ தம்பி. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே.

நீர்மட்டம் | 5.58
அதேதான் சம்பந்தம். தோராயமா கணக்கு போடுவோம். செங்கல் 15 செமீ, டிரம்ல தண்ணி 70 செமீ. தரையிலேர்ந்து தண்ணி மட்டம் 85. ஸ்டாண்ட் 45, தொட்டி 30, ஆக ரோஜா டிரிப்பர் 75-ல இருக்கு. டிரம் ரொம்பியிருக்கும்போது ரோஜாவுக்கு இருக்கிற வித்தியாசமே 10 செமீதான். அரை சாண் இறங்கினதும் ரெண்டும் ஒரே மட்டம். அதுக்கு மேல தண்ணி எப்படி ஏறும்? தரைத் தொட்டிக்கு இன்னும் 45 செமீ பாக்கி இருக்கு, அதனால அது ஓடிட்டே இருக்கு.

காலையில ஏர் லாக் எடுத்து சரியானதும் இதனாலதான். எடுக்கறதுக்கு முன்னாடி டிரம்மை ரொப்பினீங்க பாருங்க, அதுதான் வேலை செஞ்சது.

நம்பலேன்னா கொத்தனாருங்க டியூப் மட்டம் பிடிக்கிற மாதிரி ஒரு வெள்ளை டியூபைத் தண்ணி ரொப்பி, ஒரு முனையை டிரம் பக்கத்துலயும் இன்னொண்ணை ரோஜாத் தொட்டி பக்கத்துலயும் பிடிச்சுப் பாருங்க. கண்ணுக்கே தெரியும்.

ஹோஸ்பைப் | 6.02
ஏர் லாக்கும் இருந்திருக்கும். ரெண்டும் சேர்ந்து.

நீர்மட்டம் | 6.20
இருக்கலாம் ப்ரோ :)

மாடிச்செடி, ஊருக்குப் போறதுதான் பெரிய சிக்கல். இப்ப ஓடுற வேகத்துல திறந்து விட்டுட்டுப் போனா ஒரே நாள்ல டிரம் காலி. தொட்டிக்கு நாளைக்கு 1 லிட்டர்னு வெச்சா 12 தொட்டிக்கு ஏழு நாளைக்கு 84 லிட்டர். 100 லிட்டர் இருக்கேன்னு நினைக்காதீங்க. தரைத் தொட்டி டிரிப்பர் 30 செமீயில இருக்கு, டிரம் அடி 15-ல. அந்த இடைப்பட்ட தண்ணி, 20 லிட்டருக்கு மேல, டிரம்லயே தங்கிடும். அதனால டிரம் அடிப்பாகம் தொட்டி விளிம்புக்கு மேல நிக்கிற மாதிரி ஏத்துங்க. ரொம்பின டிரம் 100 கிலோ, ஆட்டம் காணாத மேடையா பார்த்து வைங்க. காலியா இருக்கும்போதே ஏத்திட்டு அப்புறம் ரொப்புங்க.

டைமர் இருந்தா சௌகரியம். ஆனா சோலினாய்டு டைமர், அதாவது மின்காந்த வால்வு வெச்சது, பலதும் குழாய் அழுத்தத்தை நம்பித்தான் திறக்கும், டிரம் தண்ணிக்குத் திறக்காது. பால் வால்வு (உள்ள ஓட்டை போட்ட உருண்டை திரும்பித் திறக்கிற வால்வு) வெச்சதா பார்த்து வாங்கணும்.

மாடிச்செடி | 7.45
டைமர் வாங்க நேரமில்ல. அது இல்லாம வழி?

நீர்மட்டம் | 8.10
அப்ப சிவப்பு மூடியை இறுக்கி இறுக்கி சொட்டை எண்ணுங்க. சுமாரா 20 சொட்டு 1 மில்லி. நாளைக்கு 1 லிட்டர்னா நிமிஷத்துக்கு 14 சொட்டு, அதாவது நாலு நொடிக்கு ஒண்ணு. கைக்கடிகாரத்தை வெச்சுட்டு ஒவ்வொரு தொட்டியா உக்காரணும், பொறுமை வேணும். மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும், அதனால ஆரம்பத்துல மூணு நொடிக்கு ஒண்ணா வைங்க.

அனுபவஸ்தன் | 8.25
அவ்வளவு மெதுவாகச் சொட்டவிட்டால் தூசி ஒன்று போதும் அடைத்துக்கொள்ள. ஃபில்டர்!

கனகாம்பரம் | 8.40
ரோஜா நாலையும் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. ஸ்டாண்ட் மேலயே நடுவுல ஒரு வாளி தண்ணி வைங்க, தொட்டி மண் மட்டத்தை விடக் கொஞ்சம் உசரமா. பருத்திக் கயிறை நல்லா நனைச்சு ஒரு முனை வாளி அடி வரைக்கும், இன்னொரு முனை மண்ணுக்குள்ள நாலு விரல் ஆழம். நைலான் கயிறு வேண்டாம், உறிஞ்சாது. நான் ஒவ்வொரு லீவுக்கும் இப்படித்தான் போயிட்டு வரேன்.

பழைய_டிரம் | 8.52
500 லிட்டர் டாங்க் இருந்தா இவ்வளவு பாடே இல்ல.

மாடிச்செடி | மறுநாள் இரவு 9.15
டிரம்மை மேடை மேல ஏத்தியாச்சு. ரோஜாவுக்கு வாளியும் கயிறும். அந்த நாலு டிரிப்பரையும் மூடிட்டேன். மத்த எட்டும் மூணு நொடிக்கு ஒரு சொட்டு, உக்காந்து எண்ணி முதுகு போச்சு. கொசு வராம மூடியையும் இறுக்கிட்டேன். நாளைக்கு வேலை முடிஞ்சு அப்படியே கிளம்பறேன். எல்லாருக்கும் நன்றி!

நீர்மட்டம் | மூன்றாம் நாள் காலை 6.30
மூடியை எப்படி இறுக்கினீங்க? ரப்பர் வளையம் வெச்ச மூடின்னா தயவுசெஞ்சு தளர்த்திட்டுப் போங்க. தண்ணி இறங்கற அளவுக்குக் காத்து உள்ள போகணும், இல்லேன்னா இழுத்துப் பிடிச்சுக்கும். உசரம் அரை மீட்டர் ஒரு மீட்டர்தான், அந்த அழுத்தத்தைச் சமாளிக்க உள்ள கொஞ்சம் வெற்றிடம் ஆனாலே போதும். மூடிக்குப் பதிலா மெல்லிய துணி கட்டினா கொசுவும் வராது.

நீர்மட்டம் | மதியம் 1.10
மாடிச்செடி, பார்த்தீங்களா?

கனகாம்பரம் | இரவு 10.05
கிளம்பிட்டார் போல.

மாடிச்செடி | ஒன்பது நாள் கழித்து
இப்பதான் வந்தேன், மெசேஜ் இப்பதான் பார்க்கறேன். மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சு, ரப்பர் வளையம் இருக்கு. டிரம் பக்கவாட்டுல உள்வாங்கி, சொட்டையா கிடந்துச்சு. தண்ணி முக்கால்வாசி அப்படியே இருக்கு. மூடியைத் திருகினதும் புஸ்ஸுனு காத்தை இழுத்துச்சு, சொட்டை டொப்புனு நிமிர்ந்துச்சு. தக்காளி ரெண்டு காலி, மிளகாய் வாடியிருக்கு, பிழைச்சுடும்னு நினைக்கிறேன். ரோஜா நாலும் நல்லா இருக்கு, ஒண்ணுல மொட்டு.

நீர்மட்டம் | 20 நிமிடம் கழித்து
அடடா. மிளகாய் தப்பிச்சதுக்குக் காரணம் வெயிலா இருக்கும். பகல்ல டிரம் உள்ள இருக்கிற காத்து சூடாகி விரிஞ்சு கொஞ்சம் தண்ணியைத் தள்ளியிருக்கும், ராத்திரி குளிர்ந்ததும் டிரிப்பர் வழியாவே காத்தை உறிஞ்சியிருக்கும். மறுநாள் அதேபோல. அந்தக் கொசுறுதான் கிடைச்சிருக்கு.

வெயில்காலம் | 22 நிமிடம் கழித்து
வெயில்னு நான் அப்பவே சொன்னேன்.

கனகாம்பரம் | 31 நிமிடம் கழித்து
மொட்டு ஃபோட்டோவாவது ஏறுதான்னு பாருங்க தம்பி.

பழைய_டிரம் | 40 நிமிடம் கழித்து
என் டாங்க்குக்கு மூடியே கிடையாது.

அனுபவஸ்தன் | 1 மணி நேரம் கழித்து
ஃபில்டர் போட்டிருந்தாரா இல்லையா என்று கடைசி வரை சொல்லவே இல்லை.