பன்னீர்ச் செம்பு யார் கையில்?

(கல்லூரி ஆசிரியர்கள் மூவரின் உரையாடல்)

வேதியியல், அரசு உதவிபெறும் கல்லூரி:
கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதை முன்னிட்டு எங்கள் கல்லூரியில் பணிக்குழுப் பட்டியல் ஒட்டினார்கள். நிதி, கொள்முதல், தேர்வு, கட்டடம் எல்லாம் ஆண்களுக்கு. வரவேற்பு, சிற்றுண்டி, கோலம், கலைநிகழ்ச்சி பெண்களுக்கு. ஆய்வகக் கருவிகளோடு வாழ்நாளைக் கழித்த எனக்குச் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் கிடைத்தன. முதல்வரிடம் கேட்டேன். "நீங்கள் நின்றால்தான் மேடம் லட்சணமாக இருக்கும்" என்றார். பாராட்டைப் போலவே சொல்லிவிடுவதால் சண்டைக்கும் போக முடியவில்லை.

சம்பளத்தில் குறை சொல்ல மாட்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஊதிய விகிதத்தில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஆனால் பணி மேம்பாட்டு நேர்காணலில் நிர்வாக அனுபவம் பற்றிக் கேட்கும்போது, கொள்முதல் குழுவில் இருந்தவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பன்னீர் தெளித்தவள் என்ன சொல்வாள்?

கணினி அறிவியல், தனியார் பொறியியல் கல்லூரி, பழைய மகாபலிபுரம் சாலை:
உங்களுக்காவது யுஜிசி விகிதம்! எனக்கு முன்னால் நேர்காணலுக்குப் போன நண்பரிடம் ஆய்வுக் கட்டுரைகள் பற்றிக் கேட்டார்கள். என்னிடம் கேட்டது, "கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை எப்போது?" 2017இல் சட்டம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. அந்தச் செய்தி எங்கள் அலுவலகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. "ராஜினாமா செய்துவிட்டுப் போங்கள், பிறகு சேர்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். சேர்த்துக்கொண்டார்கள்தான், புதிதாக வந்தவள் என்ற கணக்கில். பழைய பணிமூப்பு போயிற்று.

ஓவர்கோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சேலைக்கு மேல் முழங்கால் வரை தொங்கும் கோட், கத்திரி வெயிலிலும் கட்டாயம், பெண்களுக்கு மட்டும். பக்கத்தில் ஆண் ஆசிரியர்கள் அரைக்கைச் சட்டையில் உலவுவார்கள். அமிலம் தெறிக்கும் ஆய்வகம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். நான் நடத்துவது தரவுத்தளப் பாடம்.

இயற்பியல், ஓய்வுபெற்ற பேராசிரியர், குரோம்பேட்டை:
ஒரேயடியாகக் குறை சொல்ல வேண்டாம் அம்மா. அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி 2014-15இல் 100 ஆண் ஆசிரியர்களுக்கு 63 பெண்கள் இருந்தார்கள், 2020-21இல் 75 பேர். தேர்வுப் பணி வேண்டாம், இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பெண்களே என்னிடம் எழுதிக் கொடுத்ததும் உண்டு.

வேதியியல், அரசு உதவிபெறும் கல்லூரி:
உண்டு சார், மறுக்கவில்லை. ஆனால் விடைத்தாள் கட்டை மாலை ஆறு மணிக்கு மேல்தான் பிரிக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது? அந்த நேரத்தை வைத்தவர், வீட்டில் காபி போட்டுக்கொடுக்க ஆள் இருப்பவர். அந்த 75 பேரில் துறைத்தலைவர் அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. ராணி மேரி கல்லூரி 1914இல் தொடங்கியபோது முதல்வராக இருந்தவர் டொரோதி டி லா ஹே என்ற பெண்மணி. மகளிர் கல்லூரிகளில் கொள்முதல், தேர்வு, கட்டடம் எல்லாவற்றையும் பெண்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இருபாலர் கல்லூரி வாசலை மிதித்ததும் அந்தத் திறமை எங்கே போய்விடுகிறது?

இந்த ஆண்டு தேர்வுக் குழு வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். வரவேற்புக் குழுவுக்கு எங்கள் துறை ஆண் ஆசிரியர் ஒருவரின் பெயரைப் பரிந்துரைத்தேன். நல்ல உயரம், சிரித்த முகம், லட்சணமாகத்தான் இருப்பார்.