‘லொக்’ என்பதற்குத் தமிழில் என்ன: பூட்டா, மடையா, தொட்டியா?

வெள்ளவத்தையிலிருந்து:

அன்பின் நண்பர்களே, வணக்கம்.

சூயஸ் கால்வாயையும் பனாமாக் கால்வாயையும் ஒப்பிட்டு உயர்தர வகுப்புக்கு எழுதும் கட்டுரை, கப்பலை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் அமைப்பான ‘லொக்’ (lock) என்ற ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சூயஸ் 1869 நவம்பரில் திறக்கப்பட்டது. இன்று 193 கிலோமீற்றர் நீளம். மத்தியதரைக் கடலிலிருந்து செங்கடல் வரை லொக் ஒன்றுகூட இல்லை. பனாமா 1914 ஆகஸ்டில் திறந்தது, ஏறக்குறைய 80 கிலோமீற்றர். கப்பல் ஒரு பக்கம் மூன்று படி ஏறி, கடல்மட்டத்துக்கு 26 மீற்றர் மேலே கிடக்கும் காட்டூன் ஏரியைக் கடந்து, மறுபக்கம் மூன்று படி இறங்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே இந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

‘நீர்ப்பூட்டு’ என்று எழுத மனம் ஒப்பவில்லை. பூட்டு என்றால் திறப்பு எங்கே என்று கேட்பார்கள். பூட்டினால் போக்குவரத்து நிற்கும். இங்கே நடப்பது கப்பலைத் தூக்கி மேலே விடுவது. நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

வணக்கம். ‘பூட்டு’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. குளம் கட்டி வாழ்ந்த மொழியில் தண்ணீரை ஆளும் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை: துருசு, மடை, மதகு, கலிங்கு, வான்கதவு. மாரியில் ‘வான்கதவுகள் திறக்கப்பட்டன’ என்ற செய்தியைக் கேட்காத வீடு உண்டா? ஆகவே ‘படிமடை’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

வேலை நடக்கும் முறை இதுதான். கீழ்க்கதவு திறந்திருக்க, கப்பல் கடல்மட்டத்திலேயே உள்ளே வருகிறது. 1914இல் திறந்த பழைய லொக்குகளில் இரு கரையிலும் தண்டவாளத்தில் ஓடும் மின் எஞ்சின்கள் கம்பிவடத்தால் கப்பலை நடுவில் பிடித்துக்கொள்ளும். கீழ்க்கதவை மூடி, சுவருக்குள் போகும் 5.5 மீற்றர் விட்டச் சுரங்கக் குழாயின் வால்வைத் திறந்தால் மேலேயுள்ள தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்கி, தரையிலுள்ள துளைகள் வழியே பொங்கும். பம்பு கிடையாது. பத்து நிமிடத்துக்குள் மட்டம் ஒன்றாகிவிடும், மேற்கதவு திறக்கும். துளைகளைத் தரை முழுவதும் பரப்பி வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தண்ணீர் பாய்ந்தால் கப்பல் திரும்பிச் சுவரில் மோதும்.

தெமட்டகொடவிலிருந்து:

கொட்டாஞ்சேனை அன்பரின் விளக்கம் அருமை. ஆனால் அந்த விளக்கமே ‘மடை’க்கு எதிராகப் பேசுகிறது. மடை, மதகு, துருசு எல்லாம் தண்ணீர் வெளியேறும் வாய். லொக் வாயல்ல, வயிறு. இரண்டு கதவுக்கு நடுவே அடைபட்ட தொட்டிதான் அங்கே கருவி. கதவும் வால்வும் அதன் உறுப்புகள்.

கணக்கும் தொட்டியில்தான் தொடங்குகிறது. பழைய தொட்டியின் பயன்படும் நீளம் 304.8 மீற்றர், அகலம் 33.5 மீற்றர். ஒரு படிக்கு எட்டரை, ஒன்பது மீற்றர் ஏற்றம் என்று பெருக்கினால் ஏறக்குறைய ஒரு இலட்சம் கன மீற்றர் வரும். காட்டூனில் மூன்று படி இருந்தாலும் ஏரியிலிருந்து மூன்று தொட்டித் தண்ணீர் போவதில்லை. மேல்தொட்டி நீரே நடுத்தொட்டிக்கும் பிறகு கீழ்த்தொட்டிக்கும் இறங்குகிறது. ஆக ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று: ஒரு பயணத்துக்குச் சுமார் 20 கோடி லீற்றர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2023இல் மழை பொய்த்தபோது, நாளுக்கு 36 அளவில் கடந்த கப்பல்கள் ஆண்டிறுதியில் 22 ஆகக் குறைக்கப்பட்டது இதனால்தான். அதே ஏரி மக்களுக்குக் குடிநீரும் கொடுக்கிறது. சூயஸுக்கு இந்தக் கவலை துளியும் இல்லை. அதன் தொல்லை மணலும் கரையும். கரையை ஒட்டிப் போகும் கப்பலின் பின்பக்கத்தைக் கரை இழுக்கும், முன்பக்கம் எதிர்க்கரைக்குத் திரும்பும். 2021 மார்ச்சில் 400 மீற்றர் நீள ‘எவர் கிவன்’ ஒற்றைவழிப் பகுதியில் குறுக்கே மாட்டி ஆறு நாள் கிடந்தபோது, கடும் காற்றோடு இந்த இழுப்பும் பேசப்பட்டது.

எனவே என் சொல் ‘படித்தொட்டி’. கால்வாய் வகைக்கும் சொல் தானாகப் பிறக்கிறது: சூயஸ் மட்டக்கால்வாய், பனாமா படிக்கால்வாய். நெப்போலியனின் அளவையாளர்கள் 1799இல் செங்கடல் மத்தியதரைக் கடலைவிடச் சுமார் 10 மீற்றர் உயரத்தில் இருப்பதாகத் தவறாக அளந்தார்கள். 1847இல் மறுபடி அளந்து அது பிழை என்று காட்டியபிறகே சூயஸை மட்டக்கால்வாயாக வெட்டலாம் என்ற துணிவு பிறந்தது. அதை வெட்டுவித்த லெசெப்ஸ் பனாமாவிலும் மட்டக்கால்வாய்தான் என்று 1881இல் தொடங்கி, குலேப்ரா மலைச்சரிவிலும் சாக்ரஸ் ஆற்று வெள்ளத்திலும் காய்ச்சலிலும் ஆயிரமாயிரம் உயிரைப் பறிகொடுத்தார். 1889இல் கம்பனி முறிந்தது. பின்னால் வந்தவர்கள் அதே சாக்ரஸை அணைகட்டி ஏரியாக்கி, படித்தொட்டிகளுக்கு நீர் எடுத்தார்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

‘படித்தொட்டி’யை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கப்பலின் அடிப்பாகம் பழுதுபார்க்கும் உலர்துறையும் கதவு போட்ட தொட்டிதான். கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கு அதுதான் முதலில் நினைவில் வரும். ஆகவே வரைவிலக்கணத்தில் ‘இரு முனையிலும் கதவுள்ளது’ என்று கட்டாயம் எழுதுங்கள். உலர்துறைக்கு ஒரு முனையில்தான் கதவு. அதில் தண்ணீரை இறைத்து வெளியேற்றுவார்கள். எண்ணிக்கையிலும் கவனம் தேவை: பழைய பனாமாவில் படி ஆறு, ஆனால் இரண்டு வழித்தடம் என்பதால் தொட்டி 12.

கதவுக்கும் தனிச்சொல் வேண்டும். பழைய தொட்டிகளின் கதவு இரட்டை இலை. ஒவ்வொரு இலையும் சுமார் 20 மீற்றர் அகலம், 2 மீற்றருக்குச் சற்று மேல் தடிப்பு. மூடும்போது நேர்கோட்டில் நிற்காமல், உயர்ந்த நீரைப் பார்த்துக் கூம்பி நிற்கும். இரு உள்ளங்கையையும் கூப்பி, விரல்நுனியை நீரோட்டத்துக்கு எதிரே நீட்டிப் பாருங்கள்: தண்ணீர் தள்ளத் தள்ளக் கை இறுகும். அதனால் ‘கூப்புக்கதவு’. பத்து சென்ரிமீற்றர் மட்டவேறுபாடு இருந்தாலே, 13 மீற்றர் ஆழம் நனைந்த ஒரு இலையின் மேல் சுமார் 26 தொன் அழுத்தம் நிற்கும். மட்டம் சரியாகாமல் திறக்க முயன்றால் கீலும் இயந்திரக் கையும்தான் பழுதாகும். நிலைப்படியில் (கதவின் அடி வந்து பொருந்தும் விளிம்பில்) மரத்துண்டு சிக்கினால் நுனிகள் பொருந்தாமல் நீர் கசியும்.

2016இல் திறந்த புதிய தொட்டிகளில் (427 மீற்றர் நீளம், 55 மீற்றர் அகலம்) கூப்புக்கதவு இல்லை. பக்கச்சுவருக்குள் உருண்டு போகும் கதவு. அதற்கு ‘உருள்கதவு’ போதும். ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் மூன்று நீர்சேமிப்புத் தொட்டிகள் உண்டு. 60 சதவீத நீரை மறுபடி பயன்படுத்துகின்றன. இவற்றை ‘சேமத்தொட்டி’ என்போம்.

வெள்ளவத்தையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “படித்தொட்டி என்பது இரு முனையிலும் கதவுள்ள, கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றவோ இறக்கவோ உதவும் தொட்டி. பனாமாவின் காட்டூன் பகுதியில் ஒவ்வொரு வழித்தடத்திலும் மூன்று படித்தொட்டிகள் அடுத்தடுத்து உள்ளன. சூயஸ் மட்டக்கால்வாய் ஆதலால் அங்கே படித்தொட்டி இல்லை.” வாசிக்க இடறவில்லை. பேர வாவிக்கும் துறைமுகத்துக்கும் இடையே சரக்கு வள்ளங்கள் போக அமைத்த லொக்கையும் இதே சொல்லால் ஓர் அடிக்குறிப்பில் காட்டுகிறேன். கொழும்புப் பிள்ளைகளுக்கு அது பனாமாவைவிடக் கிட்ட இருக்கிறது. நிலைப்படி, வால்வு இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.