ஒரே வாரத்தில் இரண்டு நேர்காணல்: ஆய்வகமா, ஆய்வு அலுவலகமா?

ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே வாரத்தில் இரண்டு நேர்காணலுக்குப் போய் வந்தேன். ஒன்று ஆராய்ச்சி உதவியாளர் வேலை. மற்றது ஆய்வு நிர்வாக அலுவலகத்தில் நல்கை அலுவலர் வேலை (நல்கை என்றால் ஆய்வுக்குத் தரப்படும் நிதியுதவி, grant). இங்கே எல்லோரும் முதல் வகையைப் பற்றியே கேட்கிறீர்கள், அதனால் இரண்டாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் நேர்காணல் நன்றாகவே போனது. எந்தக் கருவியில் பழக்கம், தரவை எப்படிப் பதிந்து வைத்தீர்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் என் சம்பளம் எந்த நல்கையிலிருந்து வரும், அது எப்போது முடியும் என்று கேட்டேன். மூன்றாண்டுத் திட்டத்தில் 14 மாதம்தான் மிச்சமாம். விளம்பரத்தில் இது இல்லை. முன்பு ஒருமுறை நல்கை தீர்ந்து ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தவள் நான். தயவுசெய்து இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

இரண்டாவது இடத்தில் பேச்சுக்கு முன்பே ஒரு எக்செல் தாளைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் பிழைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்புக்கான விண்ணப்பம் ஒன்றின் மாதிரி பட்ஜெட். பாதி நேரம் வேலை செய்பவருக்கு முழுச் சம்பளம் போட்டிருந்தது. அது உடனே கண்ணில் பட்டது. மறைமுகச் செலவில்தான், அதாவது மின்சாரம், அலுவலகம் போன்ற பொதுச் செலவில்தான், சற்றுத் தடுமாறினேன். அந்தத் திட்டத்தில் நேரடிச் செலவில் 25 சதவீதத்தை மறைமுகச் செலவாகச் சேர்க்கலாம், ஆனால் வேலையின் ஒரு பகுதியை வெளியாருக்குக் கொடுக்கும் துணை ஒப்பந்தத் தொகையைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும். தாளில் கழிக்கவில்லை. என் பழைய பேராசிரியருக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுத்தபோது இதே தவறைச் செய்து திருத்தியிருக்கிறேன், அதுதான் கைகொடுத்தது.

அப்புறம் ஒரு கேள்வி: "கடைசி நாள் மதியம் ஒரு பேராசிரியர் விண்ணப்பத்தோடு வந்து நிற்கிறார், என்ன செய்வீர்கள்?" முதலில் தகுதி விதிகளையும் பட்ஜெட்டையும் பார்ப்பேன், எழுத்து நடையில் கை வைக்க மாட்டேன் என்றேன். குழுவிலிருந்த அம்மா தலையசைத்தார். அந்த வேலை கிடைத்தது, சேர்ந்துவிட்டேன். ஆய்வகத்தில் இருந்த ஆண்டுகள் வீணாகிவிடுமோ என்ற பயம் எனக்கு நிறைய இருந்தது. ஆனால் இப்போது விஞ்ஞானி சொல்வது கணக்குப் பிரிவுக்குப் புரியாதபோதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மறுமொழி: அக்கா, நான் நெறிமுறைக் குழுவின் செயலகத்தில் இருக்கிறேன். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வைத் தனிக்குழு ஒன்று பார்க்க வேண்டும் என்பது ஹெல்சிங்கி பிரகடனத்தில் (மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான உலக மருத்துவச் சங்கத்தின் ஆவணம்) 1975 திருத்தத்தில்தான் சேர்ந்தது. என்னை நேர்காணலில் அதைக் கேட்கவில்லை. ஆய்வில் பங்கேற்பவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொடுத்து, எட்டாம் வகுப்புப் படித்தவருக்குப் புரியும்படி மாற்றி எழுதச் சொன்னார்கள். மருத்துவம் படிக்கவில்லையே என்று தயங்குபவர்கள் துணிந்து விண்ணப்பம் போடலாம்.

மறுமொழி: நான் எதிர்த்திசையில் போனவன். மூன்றாண்டு நிர்வாகத்தில் இருந்தேன், வேலை நிரந்தரம், மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் மற்றவர்களின் கண்டுபிடிப்புகளை அறிக்கையில் தொகுக்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை. இப்போது இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஆய்வகத்துக்கே திரும்பிவிட்டேன். முடியும் தேதி தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.