மாஸ்கரேட் போட்டால் ஃபயர்வால் டிக்கை எடுக்கணுமா? யார் சொன்னது?

பாக்கெட்பாண்டி:
ப்ராக்ஸ்மாக்ஸ்: ஒரே சர்வரில் பல குட்டி சர்வர்களை (கன்டெய்னர்) ஓட்டும் மென்பொருள். நாட்: அவற்றின் உள் முகவரியை சர்வரோட முகவரியா மாத்தி வெளியே விடறது; மாஸ்கரேட் அதில் ஒரு வகை. டிக்: கன்டெய்னரோட நெட்வொர்க் அமைப்பில் இருக்கும் ஃபயர்வால் பெட்டி. இதைப் பத்திப் பக்கத்து இழையில் சர்வர்சாமி அருளியது: "ப்ராக்ஸ்மாக்ஸில் கன்டெய்னரை நாட் வழியா வெளியே விட்டால் ஃபயர்வால் டிக்கை எடுத்துடுங்க, ரெண்டும் சேர்ந்து ஓடாது." ஓடும் சாமி. ஒரு வரி போதும். கன்டெய்னர்கள் சேரும் உள் பிரிட்ஜ் (மென்பொருள் ஸ்விட்ச்) விஎம்பிஆர்1-க்கு 10.10.10.1/24, பிரிட்ஜ்-போர்ட்ஸ் நன், எஸ்டிபி ஆஃப், எஃப்டி 0. பிரிட்ஜ் எழுந்ததும் ஓடும் போஸ்ட்-அப்பில் ஐபி ஃபார்வர்டை 1 ஆக்கி, போஸ்ட்ரவுட்டிங்கில் 10.10.10.0/24 வெளியே போகும் பிரிட்ஜான விஎம்பிஆர்0 வழியா போனால் மாஸ்கரேட். இதுவரை எல்லாரும் போடறதுதான். யாரும் போடாதது அடுத்தது: ரா டேபிள், பிரீரவுட்டிங் செயின், "எஃப்டபிள்யூபிஆர்" என்று தொடங்கும் இன்டர்ஃபேஸுக்கெல்லாம் சிடி ஸோன் 1 (அங்கே வரும் கனெக்‌ஷன்களைத் தனிக் கணக்கில் எழுதச் சொல்வது). போஸ்ட்-டவுனில் இதையே அழிக்கிற வரியும் வேணும்.

சர்வர்சாமி:
டிக்கை எடுத்தா பிங் போகுது, வெச்சா போகல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? புரியாத வரியை ஒட்டிட்டு ஞானி வேஷம் எதுக்கு?

பாக்கெட்பாண்டி:
உங்களுக்குப் புரியலன்னா அது வரியோட தப்பா? டிக் இருந்தா கன்டெய்னரோட விஈத் (மெய்நிகர் கேபிள்) நேரா விஎம்பிஆர்1-ல சேராது. நடுவுல எஃப்டபிள்யூபிஆர்101ஐ0-ன்னு ஒரு குட்டி பிரிட்ஜ் முளைக்கும். கனெக்‌ஷன்களுக்குக் கணக்கு வைக்கிற கான்ட்ராக் பாக்கெட்டை முதல்ல பார்க்கறது அங்கதான். அந்த இடத்துல வெளியேறும் வாசல் விஎம்பிஆர்0 இல்ல, அதனால மாஸ்கரேட் பொருந்தாது. நாட் டேபிளை ஒரு கனெக்‌ஷனோட முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் கேப்பாங்க. "இதுக்கு நாட் வேண்டாம்"னு அங்கயே முத்திரை குத்தியாச்சு. அப்புறம் ரவுட்டிங்குக்கு வரும்போது பழைய முத்திரையே செல்லும். விஎம்பிஆர்0-ல டிசிபிடம்ப் (போற வர பாக்கெட்டைக் காட்டும் கருவி) ஓட்டிப் பாருங்க, பாக்கெட் 10.10.10.11-ங்கிற உள் முகவரியோட நிர்வாணமா வெளிய போகும். பதில் எப்படி வரும்? ஸோன் 1 போட்டா குட்டி பிரிட்ஜோட கணக்கு தனி நோட்டுல, ரவுட்டிங் கணக்கு தனி நோட்டுல.

கறிவேப்பிலை:
எனக்கு டிக் இருக்கு, அந்த வரி இல்ல, நெட் ஓடுது. ரெண்டு பேரும் தப்பு 😀

பாக்கெட்பாண்டி:
டேட்டாசென்டர் லெவல்ல ஃபயர்வாலை ஆன் பண்ணியிருக்கீங்களா? இன்ஸ்டால் பண்ணும்போது அது ஆஃப். ஆஃப்ல இருந்தா டிக் வெறும் அலங்காரம், எந்த விதியும் வேலை செய்யாது. பூட்டாத பூட்டைக் கதவுல தொங்க விட்டுட்டு "எனக்குத் திருட்டே போகல"ங்கறீங்க.

கறிவேப்பிலை:
...ஆஃப்தான். ஆனா எதுக்கு இந்த நாட் கூத்து? விஎம்பிஆர்0-லயே நேரா கட்டுங்களேன்.

பாக்கெட்பாண்டி:
வீட்டு ரவுட்டர்னா கட்டலாம். வாடகை சர்வர்ல ஒரே போர்ட்ல ரெண்டாவது மேக் முகவரி (நெட் கார்டோட அடையாள எண்) தெரிஞ்சா நிறைய இடத்துல போர்ட்டையே மூடிடுவாங்க.

சர்வர்சாமி:
அண்ணாச்சி சொன்ன வரியைப் போட்டேன். பிங் இன்னும் போகல. வாழ்க வரி!

பாக்கெட்பாண்டி:
பிங்கை நிறுத்தாமலே போட்டிருப்பீங்க. ஓடிட்டிருக்கற பிங் பழைய என்ட்ரியைச் சாக விடாது. நிறுத்திட்டு 30 வினாடி பொறுங்க, இல்ல கான்ட்ராக் என்ட்ரியைக் கையால அழிங்க.

சர்வர்சாமி:
இப்ப போகுது. அதுக்காக நான் சொன்னது தப்புன்னு ஆயிடாது. டிக்கை எடுத்தாலும் போகும், அதுவும் 30 வினாடி பொறுக்காம. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2-லேயே என்எஃப்டேபிள்ஸ்ங்கிற புது ஃபயர்வால் வந்தாச்சு, இந்த வரியெல்லாம் மியூசியத்துக்கு.

பாக்கெட்பாண்டி:
அது நாமளா ஆன் பண்ணணும். பண்ணின பிறகு எல்லா கன்டெய்னரையும் ரீஸ்டார்ட் பண்ணணும். அது தெரியாமத்தான் மியூசியம் கட்டறாரு. பக்கத்து இழையில ஒவ்வொரு விலானுக்கும் (ஒரே கேபிள்ல பிரிச்ச தனி நெட்வொர்க்) தனித்தனி பிரிட்ஜ் போடச் சொன்ன ஆளு! பிரிட்ஜ்ல விலான்-அவேர்னு ஒரு டிக், கன்டெய்னர்ல டேக் 20, முடிஞ்சது வேலை.

சர்வர்சாமி:
தனி பிரிட்ஜும் ஓடும். ஓடாதுன்னு நிரூபிங்க பாப்போம்.

கறிவேப்பிலை:
நெட்வொர்க்கிங் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணேன், இப்ப எந்த கன்டெய்னருக்கும் நெட் இல்ல. ஸோன் வரியாலயா?

பாக்கெட்பாண்டி:
ஸோன் வரி என்ன பாவம் பண்ணுச்சு? பிரிட்ஜை இடிச்சுக் கட்டினா விஈத் எல்லாம் கழண்டு விழும். பிரிட்ஜை இடிக்காம மாத்தத்தை ஏத்தற ஐஎஃப்ரீலோட் இருக்கறது எதுக்கு? இப்போதைக்கு கன்டெய்னர்களை ஒருதடவை நிறுத்தி ஓட்டுங்க.

சர்வர்சாமி:
பாத்தீங்களா, அந்த வரியைப் போட்டதுலேர்ந்துதான் இவருக்கும் பிரச்சினை.

பாக்கெட்பாண்டி:
அவர் அந்த வரியைப் போடவே இல்லய்யா!