மறு: நான்-இன்வேசிவ் ஃபைப்ரோசிஸ் சோதனை – ‘ஊடுருவா’ பொருந்துமா?

> ‘ஊடுருவா நார்மைச் சோதனை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. ‘ஊடுருவா’ ஏற்கெனவே வழக்கில் உள்ளதுதானே.

ஈரலில் நார்போலத் தழும்பு படிவதை (ஃபைப்ரோசிஸ்) உடலைக் கீறாமல் கண்டறியும் ‘நான்-இன்வேசிவ்’ சோதனைகளுக்கு, நம் துண்டறிக்கைக்காகத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ‘ஊடுருவா’ வழக்கில் இருக்கிறது ஐயா, பொருந்தத்தான் இல்லை. ஹெபடைடிஸ் பி உள்ள என் மாமாவுக்குப் போன மாதம் ஈரலின் கெட்டித்தன்மையை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தபோது உடன் இருந்தேன். வலக்கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்கச் சொன்னார்கள். விலா இடுக்கில் கருவியின் முனையை வைத்து அழுத்தினால், விரலால் சுண்டியது போல ஒரு தட்டு. அப்படிப் பத்துத் தடவை. அந்தத் தட்டில் எழும் 50 ஹெர்ட்ஸ் அலை தோலைத் தாண்டி ஈரலுக்குள் ஓடுகிறது. அதன் வேகத்தை மீயொலி அளக்கிறது. ஈரல் கெட்டியாக இருந்தால் அலை விரைகிறது. ஊடுருவுவதே அதன் பிழைப்பு. அதைப் போய் ‘ஊடுருவா’ என்பதா?

‘குத்தாச் சோதனை’ என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தது காதுக்கு இதம். ஆனால் இரத்தப் பரிசோதனை எண்களை வைத்துத் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4, ஏப்ரி இரண்டும் இந்த வகைதான். அவற்றுக்கு வேண்டிய ஏஎஸ்டி என்ற நொதியை அளக்கவும் இரத்தத் தட்டணுக்களை எண்ணவும் ஊசி குத்தி இரத்தம் எடுத்தாக வேண்டும். ஈரலிலிருந்து துணுக்கு எடுப்பதில்லை என்பதுதான் இவற்றுக்குப் பொது. ஆகவே, ‘திசு எடுக்காச் சோதனை’.

அடுத்தது ‘நார்மை’. ஃபைப்ரோசிஸை ‘நார்த்தழும்பு’ என்றால் நோயாளிக்கும் புரியும். ஆனால் கருவி காட்டும் எண்ணுக்கு அந்தப் பெயரை இடாதீர்கள். கிலோபாஸ்கல் என்ற அலகில் வருவது கெட்டித்தன்மை மட்டுமே. அழற்சி மிகுந்திருந்தாலும், சாப்பிட்ட கையோடு படுத்தாலும் எண் ஏறும். முதல் நாள் மாமா இட்லி தின்றுவிட்டுப் போய், மூன்று மணி நேரம் வெறும் வயிறு வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டார். ஹெபடைடிஸ் பி-யில் 12.5 கிலோபாஸ்கலுக்கு மேல் போனால் ஈரல் சுருக்கம் (சிரோசிஸ்) எனக் கொள்ளலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. அளந்தது கெட்டித்தன்மை, ஊகித்தது தழும்பு. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

கருவி அளக்கும் கெட்டித்தன்மைக்கு ‘விறைப்பு’ என்ற பெயர் வேண்டவே வேண்டாம். நாளிதழ்களின் மருத்துவப் பக்கம் அந்தச் சொல்லை வேறோர் உறுப்புக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது. ‘கடினம்’ என்றால் கணக்குப் பாடம் நினைவுக்கு வருகிறது. என் வாக்கு ‘ஈரல் கெட்டிமை’க்கு, ‘கெட்டுப்போன ஈரல்’ என்று யாரும் படித்துவிடுவார்களோ என்பதுதான் அச்சம். மேலான சொல் இருந்தால் வியாழனுக்குள் தாருங்கள், நோயாளிகளுக்கான துண்டறிக்கை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது.